வந்ததா, ஓடுகிறதா?

போன வாரம் பிரவீணா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நல்ல பெண். என்னைவிடக் கெட்டிக்காரி என்பதை மட்டும் அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

"ஏனுங்க சாந்தாமணி அக்கா, பழைய சர்வரை நிறுத்தப்போறமுங்க. அதுல உங்க பேர்ல ஒண்ணு தினமும் காலையில தானா ஓடுதுங்க. எல்லா ஊர்க் கம்ப்யூட்டர்கிட்டயும் போயி ஏதோ கேட்டுட்டு வருதுங்க. எதுக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. எடுத்துப்போடலாமுங்களா?"

"தெரியலைன்னா இத்தனை வருசமா ஏன் கண்ணு விட்டு வெச்சிருந்தீங்க?"

"உங்க பேரு இருந்துதுங்களே, எடுக்கப் பயமா இருந்துச்சுங்க."

எனக்கு மிகவும் பிடித்த பதில் இது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. பழைய முறை போகிறது, அதோடு அதுவும் போக வேண்டியதுதான். ஆனால் போவதற்கு முன் அது எதற்காக வந்தது என்று எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நாளைக்கு யாராவது கேட்டால் இதைக் கையில் கொடுத்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்க இந்த வயதில் என்னால் ஆகாது.

என் படிப்புக் கதை சின்னது. கோபிசெட்டிபாளையத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். நான் கணக்கில் பி.எஸ்சி. முடித்தேன், காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் கணினி வகுப்புக்குப் போனேன், கோவையில் இந்த மருத்துவமனையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கணினி நின்றுபோனால் மற்றவர்கள் ஆளைக் கூப்பிடுவார்கள், நான் மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். அதைப் பார்த்தே என்னைக் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குங்க ஸ்க்ரூ டிரைவர் என்று கேட்ட ஸ்டோர்காரர், பிற்பாடு தன் மகனுடைய கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார். நானும் சிரித்துக்கொண்டே பழுது பார்த்துக் கொடுத்தேன், ஒரு வாரம் காக்க வைத்து.

பிரிவின் தலைவர் தாஜுதீன் சார். கோட்டைமேட்டுக்காரர். குடும்பத்தில் எல்லோரும் தையல்காரர்கள், இவர் ஒருவர்தான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை ஒரே அகலத்தில் மடித்துவிட்ட பிறகுதான் எந்தக் கணினியின் முன்னாலும் உட்காருவார். குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி பளபளவென்று இருந்தால் அன்றைக்கு யாரோ நன்றாக மாட்டியிருக்கிறார்கள் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. எந்தச் சேதி சொன்னாலும் அதை யார் சொன்னது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், மனிதரா, மெஷினா என்று.

"சார், பொள்ளாச்சியில பிரிண்டர் சரியாயிடுச்சுங்க."

"யாரு சொன்னாங்க அம்மணி?"

"அங்க இருக்கறவங்க சொன்னாங்க சார்."

"சரிங்க. அப்ப இன்னும் சரியாகலைன்னு வெச்சுக்குவோம்."

ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. மனிதர்களை நம்பாத ஆள் என்று நினைத்தேன். வால்பாறை போய்வந்த பிறகுதான் புரிந்தது.

எங்கள் மருத்துவமனைக்கு வெளியூர்களில் சின்னச் சின்ன ஆய்வகங்கள் இருந்தன, வால்பாறையிலும் ஒன்று. அங்கே புதிய மென்பொருள் அனுப்பியிருந்தோம். போன் செய்து, வந்துவிட்டதா என்று கேட்டேன். "வந்துருச்சுங்க மேடம், அருமையா இருக்குதுங்க" என்றார் அங்கிருந்தவர். வேறு ஏதோ வேலையாக அந்த வாரமே நான் மலை ஏற வேண்டி வந்தது. கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க பஸ் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அங்கே கணினிக்கு மேலே கூரை ஒழுகியதால் அதை பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, வயரைப் பிடுங்கி, பத்திரமாக மூலையில் வைத்திருந்தார். மழை தொடங்கியதிலிருந்தே அது ஓடவில்லை. எல்லா ரிப்போர்ட்டையும் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அருமையா இருக்குதுன்னு சொன்னீங்களே?"

"இல்லைன்னா நீங்க இந்த மழையில அத்தனை வளைவு ஏறி வரோணுமுங்களே மேடம். பாவமுங்க."

சொல்லிவிட்டுச் சூடாக டீ கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதரை என்னவென்று திட்டுவது? திரும்பி வந்து தாஜுதீன் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊர்ல ஆளுககிட்ட கேட்டா நல்ல வார்த்தை கிடைக்குமுங்க அம்மணி. விவரம் வேணும்னா மெசின்கிட்டத்தான் கேக்கோணும்."

இப்போது அந்தக் கேட்கும் முறையைச் சொல்ல வேண்டும். அப்போது நாங்கள் மென்பொருளை ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து இன்ஸ்டால் செய்து பதிப்பதை நிறுத்திவிட்டிருந்தோம். மென்பொருளையும் அதற்கு வேண்டிய சகலத்தையும் ஒரே கட்டாக அடைத்து கோவை சர்வரில் வைப்போம். வேண்டிய கணினிக்கு அது வந்து இறங்கும், அங்கே பதியாமலே ஓடும். பக்கத்து மென்பொருளோடு சண்டை போடாது, பழையதும் புதியதும் ஒரே கணினியில் அருகருகே இருக்கலாம். புத்தகத்தில் இதற்கு மெய்நிகர் செயலி என்று பெயர். நாங்கள் கேரியர் என்போம். சாப்பாட்டுக் கேரியர் போல வீட்டில் சமைத்து அடைத்தது போன இடத்தில் திறக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பதிக்காத மென்பொருள் என்பதால், கணினியில் வழக்கமாக மென்பொருள்களைக் காட்டும் இடத்தில் இது தெரியாது. அதற்கு வேறு வழியில் கேட்க வேண்டும். கணினிகளுக்குள் மேலாண்மை இடைமுகம் என்று ஒன்று உண்டு. ரயில் நிலைய விசாரணைக் கவுன்டர் மாதிரி. எங்கிருந்தோ அனுப்பும் கேள்வியை வாங்கிக்கொண்டு, தன் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, பதில் சொல்லும். எந்தெந்த கேரியர் இருக்கிறது, எந்தப் பதிப்பு, முழுதாக இறங்கியதா என்று எல்லாவற்றுக்கும் அதனிடம் பதில் உண்டு. உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத் தெரியவே தெரியாது, அவர் வேலையும் கெடாது.

கேள்வி எழுதுவதை சார் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. விசைப்பலகையைத் தொட விட மாட்டார். முதலில் பழைய தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுத வேண்டும், யாரிடம் கேட்கிறேன், என்ன கேட்கிறேன், பதில் வந்தால் அதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று. மூன்றாவதற்குப் பதில் இல்லாத கேள்வியை அடித்துவிடுவார். எல்லாவற்றையும் கொடு என்று கேட்டால் வால்பாறை, உடுமலை ஆய்வகங்களுக்குப் போகும் இணைப்பு லைன்கள் தாங்காது, அவை நூல் மாதிரி மெலிசு. அடித்தல் எல்லாம் முடிந்து மிஞ்சுவதைத்தான் கணினி மொழியில் எழுதலாம். பெயர், பதிப்பு, இறங்கியதா என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

"கவுன்டர்ல இருக்கறவன் கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்வானுங்க. கேக்காததை அவனா வந்து சொல்ல மாட்டான்" என்று சார் அடிக்கடி சொல்வார். நான் தலையாட்டிக்கொள்வேன்.

கொஞ்ச காலத்தில் இந்த வேலை முழுக்க என் கைக்கு வந்தது. காலையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கோபியைக் கேட்பேன், பொள்ளாச்சியைக் கேட்பேன், வால்பாறையைக் கேட்பேன். என் சொந்த ஊரில் என் அம்மா எந்த வரப்பில் நின்றாள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கோபி ஆய்வகக் கணினி என்ன வைத்திருக்கிறது என்று தெரியும். எனக்கு அதில் பெருமை இருந்தது, மறைக்கவில்லை. மருத்துவமனையில் என்னை 'எல்லாம் தெரிஞ்சவங்க வர்றாங்க' என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிதான் விஷயம்.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் கசியும். அளவு சரியா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டு. ரத்தம் உறைய எத்தனை விநாடி என்று பார்த்து, அதை ஒரு கணக்கில் போட்டால் ஒரு எண் வரும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். பரிசோதனைக்கு ஊற்றும் மருந்து மாறினால் கணக்கும் மாற வேண்டும். எங்களிடம் அந்தக் கணக்கைப் போட ஒரு சின்ன மென்பொருள் இருந்தது, அதுவும் கேரியரில்தான் போகும்.

அந்த வருடம் ஆய்வகங்கள் எல்லாவற்றிலும் பரிசோதனை மருந்தை ஒரே நாளில் மாற்றினார்கள். கணக்கு மாற்றிய புது கேரியரை அதற்கு முந்தின நாளே அனுப்பிவிட்டோம். காலையில் நான் கேட்டேன், புது பதிப்பு வந்ததா என்று. எல்லா ஊரும் வந்தது என்றது. சாரிடம் போய், "எல்லா இடத்துலயும் வந்துருச்சுங்க சார், மெசின் சொன்னதுங்க" என்றேன். அவர் தலையசைத்தார். என் கேள்வியும் சரி, பதிலும் சரி, அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

சில நாள் கழித்து உடுமலையிலிருந்து ராமாத்தாள் என்ற அம்மா கோவைக்கு வந்தார். தேங்காய்க் களத்தில் மட்டை உரிப்பவர், எங்களிடம் வால்வு வைத்துக்கொண்டவர். பல் விளக்கினால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை, கையெல்லாம் நீலம் பாரித்திருந்தது. உடுமலையில் எடுத்த பரிசோதனையில் எண் குறைவாக வந்ததால் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். கோவையில் எடுத்தால் எண் எங்கேயோ உயரத்தில் நிற்கிறது. உடனே வார்டில் சேர்த்தார்கள், சரியான நேரத்தில் வந்ததால் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த காலை ஆய்வகத் தலைவரான டாக்டரம்மா அறையில் கூட்டம். உடுமலைக் கிளை மேனேஜரும் வந்திருந்தார். அவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டே வந்திருந்தார். ராமாத்தாளின் பரிசோதனையைச் செய்தது எஸ்தர் என்ற டெக்னீஷியன். அந்தப் பெண் வால்பாறையில் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், கொழுந்து பறிக்காமல் வேறு வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்கள் வீட்டில். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"அந்தப் பொண்ணு கை சரியில்லைங்க மேடம். கேட்டேன், அதுவே ஒத்துக்கிச்சுங்க. இந்த வாரத்தோட அனுப்பிச்சுப்போடலாமுங்க" என்றார் மேனேஜர்.

டாக்டரம்மா கண்டிப்பானவர், ஆனால் அவசரப்படுகிறவர் இல்லை. தினமும் போடும் சரிபார்ப்புப் பரிசோதனை உடுமலையில் சரியாகவே இருந்தது என்றார். கை சரியில்லை என்றால் அதிலும் தெரிந்திருக்க வேண்டுமே என்று யோசித்தார். பிறகு எங்களைப் பார்த்து, மென்பொருள் சரிதானே என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் தாஜுதீன் சார் என் பக்கம் திரும்பினார். கண்ணாடி கையில் இருந்தது.

"அம்மணி, மெசின்கிட்ட என்ன கேட்டீங்க?"

"புது பதிப்பு வந்துச்சான்னு கேட்டேனுங்க."

"வந்துச்சான்னு கேட்டீங்க. அதுதான் ஓடுதான்னு கேட்டீங்களா?"

கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து என் அறைக்குப் போனேன். தாளை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதினேன். உடுமலைக் கணினியிடம் கேட்கிறேன். இந்தப் பெயரில் என்னென்ன கேரியர் இருக்கிறது, எது இந்த நிமிடம் பயன்பாட்டில் இருக்கிறது. பதில் வந்தால் ஒரு பெண்ணின் வேலையைப் பற்றி முடிவு செய்யப் போகிறோம். அடிக்க ஒன்றும் இல்லை. கணினி மொழியில் மாற்றி அனுப்பினேன். உடுமலை லைன் வழக்கம் போல மெதுவாக யோசித்தது.

இரண்டு வரி வந்தது. பழைய கேரியர் முழுதாக இருக்கிறது, பயன்பாட்டில் ஆம். புது கேரியர் முழுதாக இறங்கியிருக்கிறது, பயன்பாட்டில் இல்லை.

அந்த இரண்டு வரிகளையும் அதே தாளில் எழுதிக்கொண்டேன். திறந்திருக்கும் பழைய கேரியரை மூடும்வரை புதியது அதன் இடத்துக்கு வராது, வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்கும். அது இந்த முறையின் இயல்பு. ஆனால் மூடாமல் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? மாலையானால் மூடிவிட்டுத்தானே வீட்டுக்குப் போவார்கள்?

சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முதலில் டாக்டரம்மாவிடம் சொல்லி உடுமலையில் அந்தப் பரிசோதனையை அந்த நிமிடமே நிறுத்தச் செய்தார், ரத்தத்தைக் கோவைக்கு அனுப்பச் சொன்னார். பிறகு மேனேஜரிடம், "நாங்க உங்க கூடவே உடுமலைக்கு வாரோமுங்க. அதுவரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொட வேண்டாமுங்க" என்றார். ஏன் மூடவில்லை என்று போனில் கேட்டுவிடலாமே என்றேன் நான். "போன்ல கேட்டா நல்லா இருக்குதுங்கன்னு சொல்லிப்போடுவாங்க அம்மணி. மறந்துட்டீங்களா வால்பாறையை?" என்றார்.

உடுமலை ஆய்வகம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. எஸ்தர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அழுது முடித்த முகம். அவளுடைய பை மேஜைக்கு அடியில் தயாராகக் கட்டி வைத்திருந்தது.

"தப்பு என்னுதா இருக்குமுங்க மேடம். அந்த அம்மா நல்லா இருக்காங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்குமுங்கன்னு சொல்லாதே கண்ணு. நீ பார்த்தியா, உன் கை தப்பு பண்ணினதை?"

"பாக்கலீங்க."

"அப்ப ஒத்துக்காதே."

சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். மேனேஜரைப் பக்கத்தில் நிற்க வைத்தார், எஸ்தரை இன்னொரு பக்கம். கணினியை அவரும் தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை. என் மடிக்கணினியிலிருந்து முதல் கேள்வியை அனுப்பச் சொன்னார், பதிலை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். பழையது பயன்பாட்டில் ஆம், புதியது இல்லை. பிறகு எஸ்தரிடம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, நேத்து ராத்திரி வேலை முடிஞ்சதும் திரையில இருக்கற இந்த ஜன்னலை மூடலீங்களா?"

அவள் புரியாமல் பார்த்தாள். "எதுக்குங்க சார் மூடறது? காலையில வர்றவங்க திறந்தா வட்டம் சுத்திக்கிட்டே இருக்குமுங்க. லைன் அப்படிங்க. ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட ஆளுக உக்காந்திருப்பாங்க. வர்றவங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு இங்க யாருமே மூட மாட்டமுங்க. நான் சேர்ந்தப்பவும் திறந்தேதானுங்க இருந்துச்சு."

மின்சாரம் போனாலும் ஆய்வகத்துக்குப் பெரிய பேட்டரி இருந்தது, கணினி அணையாது. எல்லோரும் ஒரே பெயரில்தான் கணினிக்குள் போவார்கள், ஆள் மாறும்போது வெளியே வந்து நுழையும் வேலையும் இல்லை. ஆக அந்த ஜன்னல் எப்போது கடைசியாக மூடப்பட்டது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஷிப்ட் முடிந்து போகிறவர் அடுத்து வருகிறவருக்காக அதைத் திறந்தபடி விட்டுப் போனார், அவரும் அப்படியே விட்டுப் போனார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது போல, பழைய கேரியர் எல்லோருடைய மரியாதையிலும் உட்கார்ந்துகொண்டிருந்தது.

சார் அங்கே இருந்த பரிசோதனை ஒன்றின் விநாடிக் கணக்கை எஸ்தரையே தட்டச் சொன்னார். எண் இரண்டரைக்குப் பக்கமாக வந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார். இப்போது மூடுங்க என்றார் சார். அவள் மூடினாள். நான் கேள்வி அனுப்பினேன், பழையது பயன்பாட்டில் இல்லை. இப்போது திறங்க என்றார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். திறந்தது. கேள்வி அனுப்பினேன், புதியது பயன்பாட்டில் ஆம். அதே விநாடிகளை மறுபடி தட்டச் சொன்னார். எண் நாலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அதே ரத்தம், அதே விநாடி, அதே கை. தினமும் போடும் சரிபார்ப்பை அவர்கள் விநாடியில்தான் பார்த்திருக்கிறார்கள், விநாடி எப்போதும் சரியாகவே இருந்தது. தப்பெல்லாம் அதற்குப் பிறகு கணக்கில்தான்.

மேனேஜர் மறுபடி திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "இருந்தாலும் மூடாதது இந்தப் பொண்ணுதானுங்களே" என்று மெல்ல இழுத்தார்.

"மூடுங்கன்னு யாராவது சொன்னமுங்களா?" என்றார் சார். "நானும் சொல்லல. நீங்களும் சொல்லல. அனுப்புனது நாங்க, சொல்லியிருக்கோணும்."

எஸ்தர் அப்போதுதான் மெதுவாகச் சொன்னாள். "நம்பர் கொஞ்சம் கம்மியா வர்ற மாதிரி எனக்குத் தோணுச்சுங்க. ஆனா கோயமுத்தூர்ல பெரியவங்க எல்லாம் பார்த்து அனுப்புனது. நான் எப்படிங்க தப்புன்னு சொல்றது? மரியாதையா இருக்குமுங்களா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஊர்ப் பண்பு எனக்கு உயிர். ஏனுங்க, வாங்க, போங்க என்று ஒரு குழந்தையைக்கூட மரியாதையாகக் கூப்பிடும் ஊரில் பிறந்ததை நான் பாக்கியமாகத்தான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த மாடியில் அதன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "இனிமேல் தோணுனா எனக்கு போன் பண்ணு. என்னைத் திட்டறதா இருந்தாலும் பரவாயில்லை, பண்ணு" என்றேன்.

மறுநாள் டாக்டரம்மா அறையில் மறுபடி கூட்டம். சார் பேசுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சாந்தாமணி சொல்வாங்க மேடம், கேட்டது அவங்க" என்றார். நான் நின்றுகொண்டு சொன்னேன். மெஷின் சொன்னது எது, நாங்கள் பார்த்தது எது, மனிதர்கள் சொன்னது எது என்று தனித்தனியாகச் சொன்னேன். பில் போடும் கவுன்டரில் தொடங்கியவள், வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவில் நின்று, கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா ஒருமுறை முழுக்கக் கேட்டார், மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு நாளைக்கு வேலைக்கு வரட்டும்" என்றார் பிறகு. "உடுமலையில இந்தப் பரிசோதனை செஞ்சுக்கிட்ட எல்லாருக்கும் மறு கணக்குப் போட்டு, நானே போன் பண்றேன்."

அப்படியே செய்தார். சாயங்காலம்வரை தொண்டை கட்ட அவரே பேசினார். ராமாத்தாளைத் தவிர வேறு யாருக்கும் ஆபத்து வரவில்லை. ராமாத்தாளும் தேறி, களத்துக்குத் திரும்பிவிட்டார். எஸ்தருக்கு வேலை நிரந்தரமானது.

மற்ற ஊர்களையும் அன்றே கேட்டுப் பார்த்தேன். பயந்தது போல எதுவும் இல்லை. கோபியில் பேட்டரி பழுது, தினமும் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அவர்கள் பழையதை மூடாமல் இருக்க முடியவில்லை. உடுமலையை மரியாதை கெடுத்தது, கோபியை கரண்ட் கட் காப்பாற்றியது என்று சார் பல நாள் சொல்லிச் சிரித்தார்.

அன்று முதல் என் கேள்வியில் நாலாவதாக ஒன்று சேர்ந்தது. வந்ததா என்பதோடு, அதுதான் ஓடுகிறதா என்றும் கேட்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆய்வகம் திறப்பதற்கு முன் எனக்குச் செய்தி வரும். தினமும் காலையில் தானாக ஓடும்படி நானே எழுதினேன், மேலே என் பெயரை வைத்தேன். பெயர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வைத்தேன், அவ்வளவுதான். என் வாழ்நாளில் எத்தனையோ எழுதியிருக்கிறேன், இதைப் போல நெஞ்சு நிமிர வைத்தது வேறில்லை.

உடுமலையிலும் ஒரு பழக்கம் மாறியது. அதை நான் மாற்றவில்லை, எஸ்தர் மாற்றினாள். ஷிப்ட் மாறும்போது போகிறவர், வருகிறவர் கண் முன்னால் ஜன்னலை மூடி, மறுபடி திறந்து, வட்டம் சுற்றி முடியும்வரை கூடவே நின்று, ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். முதலில் முணுமுணுத்தார்களாம். அவள் விடவில்லை. இன்றைக்கு அவள் கோவை ஆய்வகத்திலேயே மேற்பார்வையாளர். தோன்றினால் போன் செய் என்று நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, நான் ஓய்வு பெறும்வரை என்னை நிம்மதியாக இருக்க விட்டதில்லை.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு, நேற்று சனிக்கிழமை உடுமலையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன். சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது, நம் ஆய்வகம்தானே என்று அதே மாடிக்கு ஏறினேன். என்னை அங்கே யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் புது முகங்கள், கேரியரும் இல்லை. இப்போது கணக்கெல்லாம் கோவையில் ஒரே இடத்தில் நடக்கிறது, இங்கே வெறும் பக்கம்தான் தெரியும். அதை மூடினாலும் ஒன்றுதான், மூடாவிட்டாலும் ஒன்றுதான் என்று பிரவீணா சொல்லியிருந்தாள்.

நான் ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஷிப்ட் மாறியது. போகிற பெண் பையை மாட்டிக்கொண்டாள். போகாமல் நின்று, கணினியில் இருந்த பக்கத்தை மூடினாள், மறுபடி திறந்தாள். வந்த பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்ததும் தலையசைத்தாள், அதன் பிறகுதான் இவள் நகர்ந்தாள்.

"ஏனுங்க அம்மணி, எதுக்கு மூடித் திறக்கறீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க மேடம். எஸ்தர் மேடம் இங்க இருந்தப்ப இருந்தே இப்படித்தானுங்க" என்றாள் அவள். "வர்றவங்களுக்கு மரியாதைங்க."

படி இறங்கிக் கீழே வந்து, ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் அங்கேயே நின்று பிரவீணாவைக் கூப்பிட்டேன்.

"எடுத்துப்போடு கண்ணு."

"நெசமாவா அக்கா? அப்புறம் யாருங்க கேக்கறது?"

"இங்க மூடித் திறந்து அவங்களே கேட்டுக்கறாங்க" என்றேன்.